சப்வெர்ஷன் களஞ்சியத்தில் வாசிப்பு உரிமையைக் கட்டுப்படுத்துதல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் குழு ஒன்று, கூலிக் கணக்கீட்டு நிரலை மூத்தவர்கள் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று விரும்பினால், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் அதற்குத் தனிக் களஞ்சியமே (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேமிக்கப்படும் இடம்) வைக்க வேண்டும். அதே வகைக் கருவியான சப்வெர்ஷனில் கோப்புறை அளவிலேயே தடுக்கலாம்.

முதலில் சப்வெர்ஷனின் சேவையக நிரலான எஸ்விஎன்சர்வின் அமைப்புக் கோப்பில் பெயரற்ற அணுகலை நிறுத்தி, அனுமதிக் கோப்பின் இடத்தைக் குறிப்பிடுங்கள். அனுமதிக் கோப்பில் [/கூலி] என்ற பாதைத் தலைப்பின்கீழ் மூத்தோர் குழுவுக்கு உரிமை தந்து, அடுத்த வரியில், எல்லோரையும் குறிக்கும் நட்சத்திரக் குறியுடன் '* =' என எழுதி வலப்புறத்தை வெறுமையாக விடுங்கள்; அந்த வெறுமையே மற்றவர்களுக்கான தடை.

விதி பாதைக்கு உரியது, கோப்புக்கு உரியதன்று. அக்கோப்புறையைக் கிளையாக (தனியே மாற்றங்கள் செய்வதற்கான நகலாக) நகலெடுத்தால் தடை புதிய பாதைக்குத் தொடராது என்பதால், கிளைகளுக்கும் விதி எழுதுவது கட்டாயம். பலர் மறப்பதும் இதையே. பிறகு உரிமையற்ற ஒருவரின் கணக்கில் களஞ்சியத்தை முழுதாக எடுத்து, அக்கோப்புறை வராததை உறுதிசெய்யுங்கள்.