ஒராளுக்கு ஒரு படம்: பிடிச்ச படத்தை மற்றாக்களுக்குச் சொல்லுற முறை

"நல்ல படம் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோவன்" எண்டு ஆரும் கேட்டால் எங்களுக்கு வாற சந்தோசத்தில வாயில வந்த பத்துப் படத்தின்ட பேரையும் ஒரே மூச்சில கொட்டிப்போடுவம், கேட்ட ஆளும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவார், வீட்ட போய்ச் சேர முதல் எல்லாம் மறந்துபோயிடும், கடைசியில டீவியில என்ன போகுதோ அதைப் பாத்துப்போட்டுப் படுத்திடுவார். கன வருசமா நானும் இப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தன். இப்ப திருகோணமலை டச்பே கடற்கரையில பின்னேரம் கச்சானும் வாங்கிக்கொண்டு இருந்து கதைக்கிற எங்கட ஆக்களுக்கு வேற விதமாச் சொல்லுறன், சொன்னதைப் பாத்துப்போட்டு வந்து கதைக்கினம். அந்த முறையைத்தான் எழுதுறன்.

கேட்ட உடன பேர் சொல்லாதேங்கோ. முதல்ல நீங்கள் கேளுங்கோ. "என்ன மாதிரிப் படம் பிடிக்கும்" எண்டு கேட்டுப் பிரயோசனம் இல்லை, எல்லாரும் "நல்ல கதை இருக்கோணும்" எண்டுதான் சொல்லுவினம். அதுக்குப் பதிலா "கடைசியா எந்தப் படத்தை நித்திரை கொள்ளாமல் முடியுமட்டும் பாத்தனீங்கள்" எண்டு கேட்டுப் பாருங்கோ, அதில அந்த ஆளின்ட ருசி அப்பிடியே வெளிய வந்திடும். பிறகு ஆரோட இருந்து பாக்கப்போறார், போனிலயா டீவியிலயா, எவ்வளவு நேரம் இருக்கு எண்டு கேளுங்கோ. இதெல்லாம் சின்ன விசயம் மாதிரித்தான் கிடக்கும், ஆனா இதிலதான் முக்கால்வாசி வேலை முடியுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி கடலுக்குப் போறவர், சாமத்தில எழும்பிற ஆள், அவருக்கு மூண்டு மணித்தியாலப் படத்தைச் சொன்னால் அவர் பாதியில கண்ணை மூடிடுவார், பிழை படத்திலயும் இல்லை அவரிலயும் இல்லை. அவருக்கு நான் 'கூழாங்கல்' சொன்னன். வினோத்ராஜ் எடுத்தது, 2021இல ரொட்டர்டாம் விழாவில டைகர் விருது வாங்கினது, ஒண்டேகால் மணித்தியாலந்தான். ஒரு தகப்பனும் மகனும் கொதிக்கிற வெயில்ல நடந்து போகினம், அவ்வளவுதான் கதை. மெதுவாப் போகும் எண்டு முதலே சொல்லித்தான் குடுத்தன். ரெண்டு நாளைக்குப் பிறகு வந்து படத்தைப்பற்றி வேற ஒண்டும் கதைக்கேல்ல, "அண்ணை, அந்தப் பொடியன் தாகத்துக்கு வாயில கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்ன" எண்டு மட்டும் சொன்னவர். எனக்கு அது காணும்.

ஒரு நேரத்தில ஒரு படம் மட்டும் சொல்லுங்கோ. ரெண்டு சொன்னால் எதைப் பாக்கிறது எண்ட யோசினையிலயே ரெண்டையும் விட்டிடுவினம்.

அடுத்தது, எப்பிடிச் சொல்லுறது. கதையைச் சொல்லாமல் ஒரு சீனைச் சொல்லோணும், அதுவும் முடிவைக் காட்டிக்குடுக்காத சீனா இருக்கோணும். 'முள்ளும் மலரும்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கோ. 1978இல வந்தது, மகேந்திரன் டைரக்ட் பண்ணின முதல் படம். ரஜினி எண்டால் ஸ்டைல் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற இந்தக் காலத்துப் பொடியளுக்கு நான் இப்பிடிச் சொல்லுவன்: "ஒரு அண்ணன், தங்கச்சியில உசிரையே வைச்சிருக்கிறவர், மலையில வின்ச், அதுதான் கம்பியில இழுபடுற வண்டி, ஓட்டுறவர், புதுசா வாற இஞ்சினியரை அவருக்குக் கண்ணில காட்டேலாது. கடைசியில அந்த இஞ்சினியரைப் பாத்து ஒரு வசனம் சொல்லுவார், அதைக் கேக்கிறதுக்காகவே இருந்து பாருங்கோ." வசனம் இருக்கு எண்டு சொல்லலாம், என்ன வசனம் எண்டு சொல்லக்கூடாது. எத்தினை பேர் கெஞ்சிக் கேட்டாலும் நான் சொன்னதில்லை. அந்த வசனத்தை முதல் முதல் கேக்கிற சந்தோசம் ஒருத்தருக்கு வாழ்க்கையில ஒருக்காத்தான் கிடைக்கும், அதை நாங்கள் பறிக்கக்கூடாது.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கு. அந்தப் படத்துக்குக் கமரா பிடிச்ச பாலு மகேந்திரா எங்கட கிழக்கு ஆள், மட்டக்களப்பு அமிர்தகழியில 1939இல பிறந்தவர். பள்ளிக்கூடத்தில படிக்கிற காலத்தில சுற்றுலா போன இடத்தில, கித்துல்கலயில 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படப்பிடிப்பு நடக்கிறதைக் கண்டுதான் தனக்குச் சினிமா ஆசை பிடிச்சது எண்டு அவரே சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னால் "எங்கட ஆளா?" எண்டு நிமிந்து இருப்பினம் பாருங்கோ, அந்த நேரம் படத்தின்ட பேரைச் சொல்லோணும்.

'வீடு' படத்தை நான் ஒரு மேசன் அண்ணைக்குச் சொன்னன். 1988இல வந்த பாலு மகேந்திரா படம், அர்ச்சனா நடிச்சது, ஒரு பிள்ளை மெட்ராசில ஒரு சின்ன வீடு கட்ட வெளிக்கிட்டுப் படுற பாடு. பாட்டு ஒண்டுகூட இல்லை, இளையராஜா முதலே செய்திருந்த 'ஹவ் டு நேம் இட்' இசையைத்தான் பின்னணிக்குப் போட்டிருக்கினம். சுனாமியில போய், சண்டையில போய், ரெண்டு தரம் மூண்டு தரம் வீடு கட்டின சனம் இருக்கிற ஊர் இது, இந்தப் படம் எங்களுக்கு விளங்கிற மாதிரி வேற ஆருக்கு விளங்கப்போகுது? நான் அவருக்குச் சொன்ன சீன், கிழவர் தாத்தா குடையும் பிடிச்சுக்கொண்டு கட்டி முடியாத வீட்டைப் பாக்க வாற இடம். சுவரைத் தடவிப் பாப்பார், அவ்வளவுதான் சொன்னன். அவர் பாத்துப்போட்டு வந்து முதல் சொன்னது சீமெந்தைப்பற்றி, ரெண்டாவது சொன்னது கொந்தராத்துக்காரனைப்பற்றி, தாத்தாவைப்பற்றிக் கதைக்க வெளிக்கிட்டவர் இடையில நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சார். நான் சொன்ன படங்களில சரியான ஆளிட்டப் போய்ச் சேந்த படம் எண்டால் அதுதான்.

பழைய படம் எண்டாலே பின்வாங்கிற ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. அவைக்குப் பிடிச்ச புதுப்படத்தில இருந்து ஒரு பாலம் போடுங்கோ. '96' பாத்து அழுத ஆளிட்ட "இதே மாதிரிப் பள்ளிக்கூட நினைவு, ஆனா 1979இல வந்தது" எண்டு 'அழியாத கோலங்கள்' சொல்லலாம், மூண்டு பொடியள், ஒரு ரீச்சர், அந்த வயசில வாற குழப்பம் (சின்னப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு பாக்கிற படம் இல்லை, அதையும் சேத்துச் சொல்லிவிடுங்கோ). 'காக்கா முட்டை' பிடிச்ச வீட்டுக்கு ஈரான் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', மஜித் மஜிதி 1997இல எடுத்தது. இஞ்ச பீட்சாவுக்கு ஏங்கிற ரெண்டு பெடியள், அங்க ஒரு சோடிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போற அண்ணனும் தங்கச்சியும். இதில சப்டைட்டில் ஒரு பிரச்சினை, அம்மம்மாவுக்கும் சின்னதுகளுக்கும் இங்கிலிஸ் வாசிக்கேலாது, அதுக்கு ஒரு வழிதான், நீங்கள் பக்கத்தில இருந்து தமிழில சொல்லிக்கொண்டு போங்கோ, எல்லா வசனமும் தேவையில்லை, மூண்டில ஒண்டு சொன்னால் காணும், மிச்சத்தை அந்தப் பிள்ளையளின்ட முகமே சொல்லும். எங்கட அம்மம்மா அந்தச் சப்பாத்து வாய்க்காலுக்க விழுந்து ஓடேக்குள்ள கதிரையில இருந்து எழும்பிட்டா.

முழுப்படம் பாக்கப் பொறுமை இல்லாத பிள்ளையளுக்கு ஒரு துண்டை மட்டும் காட்டலாம். 1965இல வந்த 'திருவிளையாடல்' படத்தில தருமி வாற பகுதி, நாகேஷ் தனியப் புலம்ப சிவாஜி எட்டத்தில இருந்து வந்து கதை குடுக்கிற அந்தக் கேள்வி பதில். கோணேசர் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, மானுக்கு இலை குடுத்துப்போட்டு வந்த ஒரு பின்னேரம் மருமக்களுக்கு அதைப் போட்டுக் காட்டினன், பிறகு முழுப்படத்தையும் அவையளே கேட்டு வாங்கிப் பாத்தவை.

இனிச் சொல்லப்போறதுதான் எல்லாத்திலயும் முக்கியம். படத்தில என்ன நோகும் எண்டு முதலே சொல்லுங்கோ. நான் ஒரு மாமிக்கு 'கன்னத்தில் முத்தமிட்டால்' சொன்னன். 2002இல வந்த மணிரத்னம் படம், தத்தெடுத்து வளத்த பிள்ளை தன்ர பெத்த தாயைத் தேடி இலங்கைக்கு வாற கதை. தாய் பிள்ளைப் பாசம், பாட்டு எல்லாம் நல்லம் எண்டு சொன்னன், குண்டு வெடிக்கிறதைப்பற்றி வாயே திறக்கேல்ல. மாமின்ட தம்பி சண்டைக்காலத்தில காணாமல் போனவர், எனக்கு அது நல்லாத் தெரியும். பாதிப் படத்தில மாமி எழும்பிக் குசினிக்குள்ள போனா, தண்ணி போற சத்தம் கேட்டது, போய்ப் பாத்தால் கழுவி அடுக்கின சோத்துப் பானையைத் திரும்பக் கழுவிக்கொண்டு நிக்கிறா. ஒண்டும் கேக்காமல் நான் டீவியை நிப்பாட்டினன். படம் நல்ல படம்தான், இப்பவும் அதுதான் என்ர எண்ணம், ஆனா அந்த ஆளுக்கு அந்த நாளில அது சொல்லக்கூடாத படம். அதுக்குப் பிறகு எந்தப் படம் சொன்னாலும் சண்டை இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, பிள்ளை சாகுது, கடல் பொங்கிறது இருக்கு எண்டு ஒரு வரியில சொல்லிப்போடுவன். கதை கொஞ்சம் வெளிய வந்தாலும் பரவாயில்லை. அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தில தமிழில எடுத்த 'இனி அவன்', 2015இல கான் விழாவில பெரிய விருது எடுத்த 'தீபன்', இந்த மாதிரிச் சண்டைக்குப் பிந்தின வாழ்க்கையைக் காட்டுற படங்களை ஆக்கள் தாங்களாக் கேட்டால்தான் சொல்லுறது. போன வருசம், 2025இல, வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' வேற விதம், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒண்டு கள்ளமாச் சென்னைக்குப் போய்ச் சேருற கதைதான், ஆனா வீட்டில எல்லாரையும் இருத்தி வைச்சுப் பாக்கலாம். கதைக்கிற தமிழ் சரியில்லை எண்டு ஆரும் ஒராள் கட்டாயம் பிழை பிடிப்பினம், பிடிக்கட்டும், அதுவும் ஒரு சந்தோசந்தான்.

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லேக்குள்ளயும் இதே கவனம் வேணும். கனடாவில இருக்கிற மச்சானுக்கு 'மெய்யழகன்' சொன்னன், வீட்டையும் ஊரையும் விட்டுப்போன ஆள் கன வருசத்துக்குப் பிறகு ஒரு கலியாணத்துக்குத் திரும்பி வாறார், அங்க ஒருத்தன் அவரில அப்பிடி ஒரு அன்பா இருக்கிறான், இவருக்கு அவன்ட பேர் ஞாபகம் வரேல்ல. தனிய இருக்கேக்குள்ள பாக்காத, மச்சாளோட இருந்து பார் எண்டு சொல்லித்தான் விட்டனான்.

சொன்ன பிறகு பேசாமல் விட்டிடுங்கோ. "பாத்திட்டியா, பாத்திட்டியா" எண்டு வட்ஸ்அப்பில நாளுக்கு நாள் கேட்டால் அந்தப் படம் வீட்டுப்பாடம் மாதிரி ஆகிடும். ஒருக்காக் கேக்கலாம், அதுவும் ஒரு கிழமை கழிச்சு. பக்கத்தில இருந்து பாத்தால் அவையின்ட முகத்தைத் திரும்பித் திரும்பிப் பாக்காதேங்கோ, "இந்தா வருது, இந்தா வருது" எண்டும் சொல்லாதேங்கோ. பிடிக்கேல்ல எண்டு சொன்னால் கோவிக்காமல் எந்த இடத்தில நிப்பாட்டினீங்கள் எண்டு கேளுங்கோ. சித்தப்பா ஒராள் 'உதிரிப்பூக்கள்' பாத்துப்போட்டு "அந்த மனுசனைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரம் வருது, நிப்பாட்டிப்போட்டன்" எண்டார். புதுமைப்பித்தன்ட 'சிற்றன்னை'யை வைச்சு மகேந்திரன் எடுத்த படம், அந்த ஆத்திரம் வரத்தான் வேணும், அதைச் சொல்லி விளங்கப்படுத்தின பிறகு மிச்சத்தையும் பாத்தவர்.

அவை சொல்லுற படத்தை நீங்களும் பாக்கோணும். இது ஒரு கை மாத்து மாதிரி. நான் கிரிக்கெட் பாக்கிற ஆளே இல்லை, மருமகள் சொன்னவ எண்டதுக்காக 'லப்பர் பந்து' பாத்தன், இப்ப கடற்கரையில பொடியள் விளையாடிக்கொண்டு நிண்டால் ஒரு ஓவராவது நிண்டு பாத்துப்போட்டுத்தான் வாறன்.

ஒரு கொப்பி வைச்சிருங்கோ. ஆருக்கு என்ன சொன்னனீங்கள், என்ன சொல்லிச்சினம், எதில நிப்பாட்டிச்சினம், ரெண்டு சொல்லு எழுதினால் காணும். என்ர கொப்பியில கடைசிப் பக்கத்தில இப்ப அந்த மாமின்ட பேர்தான் இருக்கு. போன கிழமை அவவாத்தான் கேட்டவ, "தம்பி, சிரிக்கக்கூடிய படமா ஒண்டு சொல்லு, சத்தம் சந்தடி இல்லாததா" எண்டு. கடைசியா எதை முடியுமட்டும் பாத்தனீங்கள் மாமி எண்டு கேட்டன், 'தில்லானா மோகனாம்பாள்' எண்டா. அதை மட்டும் எழுதி வைச்சிருக்கிறன், அதுக்குப் பக்கத்தில எழுதப்போற பேரை ஞாயிற்றுக்கிழமை வீட்ட போறதுக்கிடையில யோசிக்கோணும்.