ரிங் மாற்றிய வோட்டர் பம்ப்: முதல் ஒயிலில் விடும் தவறுகள்

போர் அடித்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து), புது பிஸ்டனும் அதைச் சுற்றிய ரிங்கும் போட்ட வோட்டர் பம்ப் எஞ்சின் ஒரு மாதத்துக்குள் மறுபடி நீலப் புகை தள்ளினால், பார்ட்ஸைக் குறை சொல்லுமுன் முதலில் ஊற்றிய ஒயில் எது என்று பாருங்கள்.

விலை கூடினால் நல்லது என்று நம்பி முழு சிந்தெட்டிக் ஊற்றுவது முதல் தவறு. ஹோன் பண்ணிய, அதாவது கல்லால் உரசிய, சிலிண்டருக்குள் குறுக்கும் மறுக்குமாகக் கீறல் இருக்கும். கீறலின் மேடுகளும் ரிங்கும் சற்றே தேய்ந்து பொருந்தினால்தான் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வாயுவின் அமுக்கம்) நிற்கும். வழுக்கல் கூடிய ஒயில் அந்தத் தேய்மானத்தைத் தாமதப்படுத்தும். ஒயிலோடு சேர்க்கச் சொல்லித் தனி போத்தலில் விற்கும் கலவைகளும் அப்படித்தான். சாதாரண மினரல் ஒயில், தரம் ஏபிஐ எஸ்ஜே அல்லது அதற்கு மேல், தடிப்பு 10டபிள்யூ-30 என்று கேட்டு வாங்குங்கள். எஸ்ஏஈ 30 என்ற தடிப்பு வெயில் ஊருக்குச் சரி. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் விடியலில் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும்போது அது தடித்து நிற்கும்.

இப்படியான சின்ன எஞ்சினில் பெரும்பாலும் ஒயில் பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. பிஸ்டனோடு இணைந்த தண்டான கொனெக்டிங் ரொட்டின் அடியில் உள்ள கரண்டிதான் ஒயிலை வாரி அடிக்கிறது. படிக்கட்டு வயலில் பம்பைச் சரிவாக வைத்தால் கரண்டிக்கு ஒயில் எட்டாது. புது ரிங்கும் புது போரும் அங்கேயே கீறுப்படும். மண்ணை வெட்டிச் சமப்படுத்திவிட்டு வையுங்கள். ஹொண்டா ஜிஎக்ஸ்160 சுமார் 0.6 லீற்றர் கொள்ளும். டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே செருகித்தான் அளவு பார்க்க வேண்டும்.

பழைய ஒயிலை வடிகட்டி மறுபடி ஊற்றாதீர்கள். தேயும் இரும்புத் தூளைப் பிடிக்க ஃபில்டர் இல்லாததால், முதல் 1 மணித்தியாலம் ஓடியதும் சூட்டோடு வடித்துப் புது ஒயில் ஊற்றுங்கள், பிறகு 5ஆம் மணித்தியாலத்தில், பிறகு 20ஆம் மணித்தியாலத்தில்.

மண்ணெண்ணெயில் ஓடும் பம்பாக இருந்தாலும் இந்த 20 மணித்தியாலமும் பெற்றோலில் மட்டும் ஓடட்டும். ரிங் பொருந்தாத நிலையில் எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும்.

புது எஞ்சின் என்று பயந்து மணிக்கணக்கில் ஐட்லில் (சுமையில்லாமல் மெதுவாக) ஓடவிடுவதும் கெடுதல்தான். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அமுக்கம். சுமை இல்லாவிட்டால் அந்த அமுக்கம் குறைந்து, ஒயில் சுவரில் காய்ந்து கண்ணாடிபோல் மினுங்கும். பிறகு மறுபடி ஹோன் பண்ணத்தான் வேண்டும். மூன்று நிமிடம் சூடாகட்டும், பிறகு தண்ணீர் இறைக்கவிட்டு, அரை த்ரொட்டிலில் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள்.

மருந்தடிக்கும் டூ ஸ்ட்ரோக் மெஷின் வேறு கதை. அதன் ஒயில் பெற்றோலோடு கலந்தே போகிறது; இங்கே சொன்ன ஒயிலை அதில் ஊற்றாதீர்கள்.