பிள்ளைகள் வளர வளர: குடும்பக் கார் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கார் வாங்கப் போகும்போது பிள்ளையின் இன்றைய வயதைத்தான் நினைக்கிறோம். முதல் தவறே அதுதான். நம் வீடுகளில் ஒரு கார் வந்தால் எட்டு, பத்து வருஷம் இருக்கும். இரண்டு வயதில் தூக்கி உட்கார வைத்த குழந்தை, அந்தக் கார் கைமாறும்போது ஏழாம் வகுப்பில் இருக்கும். ஒரு தாளில் அடுத்த பத்து வருஷங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பிள்ளைகளின் வயதையும், வீட்டில் இருக்கும் பெரியவர்களின் வயதையும் எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதிப் பார்த்தபோது, என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும் அதே வருஷத்தில் மாமியாருக்கு எழுபத்தைந்து ஆகும் என்று தெரிந்தது. காரில் ஏறி இறங்க அவருக்குச் சீட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வீட்டில் எழுந்தது.

குலதெய்வம் கோயிலுக்காக ஏழு சீட்

வருஷத்தில் ஒருநாள் எல்லோருமாகக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம். அந்த ஒருநாளுக்காக ஏழு பேர் உட்காரும் வண்டியை வாங்கி, மீதி 364 நாளும் இரண்டு பேர் அதில் போய்வருகிறார்கள். தாத்தா பாட்டி உடன் இருக்கும் வீட்டுக்கு ஏழு சீட் உண்மையிலேயே தேவை. ஆனால் மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். பாட்டியால் அங்கே நுழைய முடியாது. எட்டு வயதுப் பிள்ளை சந்தோஷமாக உட்காரும். பதினான்கு வயதில் அதே பிள்ளையின் முட்டி முன்சீட்டில் இடிக்கும்.

டிக்கியையும் பார்க்க வேண்டும். மாருதியின் ஏழு சீட் காரான எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் மிஞ்சுவது 209 லிட்டர் இடம்தான். ஏழு பேர் ஏறலாம், ஏழு பேரின் பைகள் ஏறாது. இன்னொன்று, இரண்டாவது வரிசை ஓரத்தில் சைல்டு சீட்டைப் பொருத்திவிட்டால் அந்தப் பக்கம் சீட்டை மடக்கிப் பின்னால் போகும் வழி அடைபட்டுவிடும். ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பிள்ளைகள், பெரியவர்கள், சைல்டு சீட், ஸ்கூல் பை எல்லாவற்றோடும் போங்கள். கணவனும் மனைவியும் மட்டும் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் தெரியும்.

மடியில் வைத்தால் பத்திரம் என்ற நினைப்பு

நம் ஊரில் மிக ஆபத்தான தவறு இதுதான். அம்மா மடியை விடப் பத்திரமான இடம் ஏது என்று பெரியவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ குழந்தையை அந்த நேரத்தில் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் கையில் வேண்டும். எந்தத் தாயின் கையாலும் முடியாது.

கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் சீட் வேண்டும். அதை முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் தலைக்கு நேராக வரும். பின்சீட்டில் சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கெங்கே இருக்கிறது என்று வாங்கும் முன்பே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

நாலு வயதானதும் சைல்டு சீட்டைப் பரணில் போடுவது அடுத்த தவறு. பெல்ட் தோளின் மேலும் இடுப்பு எலும்பின் மேலும் படிய வேண்டும். கழுத்தில் உரசினாலோ வயிற்றின் மேல் ஏறினாலோ பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் இன்னும் தேவை. சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை இது அநேகமாகத் தேவைப்படும். வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. சன்ரூஃபில் பிள்ளையை நிற்க வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. திடீரென்று ஒரு பிரேக் போட்டாலே போதும்.

ஜன்னல் உயரத்தைப் பார்க்காமல் வாங்குவது

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழைய காரில் என் மகன் வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவான். புதுக் காரில் எட்டாவது வளைவு தாண்டுவதற்குள் வாந்தி. சாப்பாட்டைக் குற்றம் சொன்னோம், ஏசியைக் குற்றம் சொன்னோம், எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துப் பார்த்தோம். ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை அவன் உயரத்துக்குத் தாழ்த்திப் பார்த்தேன். கதவும் முன்சீட்டின் முதுகும் மட்டும்தான் தெரிந்தன.

உள்காது வளைவை உணர்கிறது, கண்ணோ அசையாத சீட்டைப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாதபோது குமட்டுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இந்தத் தொல்லை அதிகம். இன்றைய பல கார்களில் ஜன்னலின் அடிவிளிம்பு பின்பக்கம் போகப் போக மேலே ஏறுகிறது. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இருக்கும் பிள்ளைக்குச் சாலையை மறைக்கும். பூஸ்டர் வாங்கிப் போட்டோம். அவன் கண்ணுக்குச் சாலை தெரிந்தது, வாந்தி பெருமளவு குறைந்தது. மலைப்பாதையில் கையில் போன் கொடுக்காதீர்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். கார் பார்க்கப் போனால் பின்சீட்டில் பிள்ளையை உட்கார வைத்து, வெளியே என்னவெல்லாம் தெரிகிறது என்று கேளுங்கள்.

பதினாறு வயதில் சாவி கொடுப்பது

மைதானத்தில்தானே, தெருமுனைவரைதானே என்று கொடுக்கிறோம். கார் உரிமத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும். அதற்கு முன் பிள்ளை சாலையில் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று வருஷம்வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தும் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. வீட்டில் பழைய சின்னக் கார் இருந்தால், பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்போது அதை விற்றுவிடாதீர்கள். அடுத்த வருஷம் ஓட்டிப் பழக அதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

சொல்லாமல் விற்றுவிடுவது

விற்பதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காரை அவர்களே காலி செய்யட்டும். சீட்டுக்கு அடியிலிருந்து வரும் பென்சில், கோலிக்குண்டு, பல் உடைந்த சீப்பு எல்லாவற்றையும் அவர்கள்தான் அடையாளம் சொல்வார்கள். ஃபாஸ்டேகை மூடி, காரில் பதிந்த போன் நம்பர்களை அழித்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டுக்கும் நகல் எடுத்து வைத்து, ஆர்.சி. பெயர் மாறியதா என்று சரிபார்ப்பது பெரியவர்கள் வேலை. பாசத்தால் விற்க மனமில்லாமல் வெயிலில் நிறுத்தி வைப்பதும் சரியில்லை. ஓடாத கார் கெடும். பதினைந்து வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.

போட்டோ எடுங்கள். பூஜை போட்டு மாலையோடு நின்ற நாளின் படம் எல்லா வீட்டிலும் இருக்கும். காருக்குள் எடுத்த படம் யாரிடமும் இருக்காது. பிள்ளைகள் வளர்ந்ததோ பின்சீட்டில். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்த படம், கதவில் ஒட்டிய ஸ்டிக்கர், கீறல், கிலோமீட்டர் காட்டும் முள், கதவு சாத்தும் சத்தம் இத்தனையையும் போனில் பதிந்து வைக்க பத்து நிமிஷம் போதும்.

அப்பா ஒரு மாருதி 800 வைத்திருந்தார். நான் எட்டாவது படித்தபோது, பள்ளிவிட்டு வந்தால் வாசலில் வண்டி இல்லை. காலையில் விற்றுவிட்டதாக அம்மா சொன்னார். வாங்கிய அன்று எடுத்த ஒரே படம் ஆல்பத்தில் இருக்கிறது, அதில் வண்டியின் முகம் மட்டும்தான். பின்சீட் பழுப்பு நிறம் என்று அண்ணன் சொல்கிறான். எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் ஞாபகம். கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா இப்போது இல்லை.