புதிய மட்டுறுத்துநர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையக் குழு ஒன்றின் மட்டுறுத்துநராகப் பொறுப்பேற்பவர், பதிவை நீக்கவும் உறுப்பினரைத் தடைசெய்யவும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடுவார். அந்தப் பொத்தான்களை எப்போது தொடக் கூடாது என்பது பிடிபடத்தான் நாளாகிறது.

காரணம் சொல்லாமல் பதிவை நீக்குவதையே தவறுகளில் முதலாவதாகச் சொல்வேன். பதிவு மறைந்ததும் எழுதியவர் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ணி மீண்டும் இடுவார். அதுவும் மறைந்தால், தம் கருத்தை ஒடுக்குகிறார்கள் என்று பொதுவில் முறையிடுவார். அந்த முறையீட்டையும் நீக்கினால், அதுவரை விஷயமே தெரியாதவர்கள்கூட அவர் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். “பிறருடைய கைப்பேசி எண் இருந்ததால் மூன்றாம் விதியின்படி இப்பதிவு நீக்கப்பட்டது, எண்ணை எடுத்துவிட்டு மீண்டும் இடலாம்” என்று தனிச்செய்தியில் ஒரு வரி எழுதியிருந்தால் அத்தனையும் நடந்திராது. எந்த விதி, என்ன காரணம், அடுத்து என்ன செய்யலாம் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். விளம்பரக் குப்பைக்கு மட்டும் இந்த மரியாதை தேவையில்லை.

தாம் வாதாடிக்கொண்டிருக்கும் விவாதத்தில் தாமே நடவடிக்கை எடுப்பதும் அதே அளவுக்குக் கெடுதி. ஆங்கில விக்கிப்பீடியாவில், தாம் தரப்பாக இருக்கும் சர்ச்சையில் நிர்வாகிகள் தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது எழுதப்பட்ட கொள்கை. அப்பட்டமான விஷமச் செயல் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. முடிவு நியாயமாகவே இருந்தாலும், எதிர்வாதம் செய்தவரே வாயை அடைத்தார் என்றுதான் மற்றவர்களுக்குப் படும் என்பதால், இன்னொரு மட்டுறுத்துநரிடம் ஒப்படைப்பதே முறை. தனி ஆளாகக் குழுவை நடத்துபவர், ஒன்று வாதாட வேண்டும் அல்லது நடுவராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆசைப்படக் கூடாது.

விதிகளை எழுதும்போது “கண்ணியமாகப் பேசவும்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ணியத்துக்கு ஆளுக்கோர் அளவுகோல் இருப்பதால் அந்த வரியை வைத்து எவரையும் தண்டிக்கலாம், எவரையும் தப்பவிடலாம். “கருத்தை விமர்சிக்கலாம், எழுதியவரின் தோற்றம், குடும்பம், சாதி பற்றிப் பேசக் கூடாது” என்றால் எல்லை தெரிகிறது. அப்படி எழுதிய விதியையும் பழைய உறுப்பினர்களுக்காக வளைத்துக்கொடுப்பது பரவலான பழக்கம். எவருக்கு, எந்நாளில், எதற்காக எச்சரிக்கை தரப்பட்டது என்று மட்டுறுத்துநர்கள் பொதுவான குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டால், பாரபட்சம் அவர்கள் கண்ணுக்கே முதலில் தெரிந்துவிடும்.

சூடு ஏறியவுடன் நிரந்தரத் தடையில் இறங்குவது அவசர புத்தி. பல சண்டைகள் கருத்தைவிட வேகத்தால்தான் வளர்கின்றன. இருவர் நொடிக்கொரு பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் அடுத்த செய்தியை இடக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வைக்கும் வசதியை முடுக்கிவிட்டாலே பாதி அடங்கிவிடும். டெலிகிராம் குழுக்களில் இந்த இடைவெளியை 1 மணி நேரம் வரையிலும், டிஸ்கார்டில் 6 மணி நேரம் வரையிலும் வைக்கலாம். அதற்கும் அடங்காதபோது எச்சரிக்கை, பிறகு சில நாள் தடை என்று படிப்படியாகப் போகலாம். மிரட்டலுக்கும் அந்தரங்கத் தகவலை வெளியிடுவதற்கும் படிகள் கிடையாது, உடனே வெளியேற்ற வேண்டியதுதான்.

உறுப்பினர் எண்ணிக்கை பெருகுவதை மட்டும் கொண்டாடுவதும் ஆபத்து. இணையத்தின் தொடக்கக் கால விவாதக் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டில் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய பல்கலைக்கழக மாணவர்கள் வருவார்கள். பழையவர்கள் அவர்களுக்கு நடைமுறைகளைக் கற்றுத்தருவார்கள். 1993 முதல் கட்டணம் வாங்கி இணைப்புத் தரும் வணிகச் சேவைகள் வழியாகப் புதியவர்கள் ஆண்டு முழுவதும் வந்து குவிந்ததால் கற்றுத்தர ஆளும் நேரமும் போதவில்லை; பழையவர்கள் அந்த நிலைக்கு “முடிவில்லாச் செப்டம்பர்” என்றே பெயரிட்டார்கள். குழு வளரும்போதே, நிதானமாக எழுதுபவர்களாகப் பார்த்து, வெவ்வேறு நேரங்களில் இணையத்தில் இருக்கக்கூடிய சிலரை மட்டுறுத்துநர்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடைசெய்யப்பட்டவர் மேல்முறையீடு செய்ய ஒரு வழியைத் திறந்து வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். ஆனால், தடை விதித்தவரே அந்தக் கடிதத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.