மோட்பஸ் வழியே மோட்டார் டிரைவ்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பத்து டிரைவ்களை ஒரே ஆர்எஸ்-485 (பல கருவிகள் பகிரும் சீரியல் தொடர்பு) கேபிளில் இணைத்து, அவற்றின் வேகம், கரண்ட், ஃபால்ட் கோடு ஆகியவற்றை மோட்பஸ் என்ற கேள்வி-பதில் நெறிமுறையில், இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினியான பிஎல்சிக்குக் கொண்டுவரும்போது திரையில் எண்கள் பின்தங்கினால், பலரும் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் பழுது கேபிளில் இல்லை, மதிப்புகளை வைத்திருக்கும் 16 பிட் இடங்களான ரெஜிஸ்டர்களைக் கேட்கும் முறையில் இருக்கிறது.

ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் படிப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. வேகம் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்), பிழை சோதிக்க ஈவன் பாரிட்டி பிட் எனில் ஒரு பைட்டுக்கு 11 பிட்கள், அதாவது சுமார் 1.15 மில்லி விநாடி ஆகும். கேள்விக்கு 8 பைட், ஒரு ரெஜிஸ்டருக்கான பதிலுக்கு 7 பைட், இரண்டுக்கும் பின்னே 3.5 பைட் நேர இடைவெளி என்று கூட்டினால், டிரைவ் எடுத்துக்கொள்ளும் நேரம் நீங்கலாகவே 25 மில்லி விநாடி போய்விடுகிறது. பத்து ரெஜிஸ்டர்களுக்கு 250. அதே பத்தையும் ஒரே கேள்வியில் கேட்டால் பதில் 25 பைட்டாக வளர்ந்தாலும், மொத்தம் ஏறக்குறைய 46 மில்லி விநாடியில் வேலை முடிந்துவிடும்.

அதற்காக, மோட்பஸ் அனுமதிக்கும் 125 ரெஜிஸ்டர்களையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவும் கூடாது. இடையில் டிரைவில் இல்லாத முகவரி ஒன்று இருந்தால், பல டிரைவ்கள் எக்ஸப்ஷன் 02 (தவறான முகவரி) என்று சொல்லி முழுக் கேள்வியையும் நிராகரித்துவிடும். சிதறிக் கிடக்கும் மதிப்புகளை அடுத்தடுத்த முகவரிகளில் திரட்டித்தர ஷ்னைடர் நிறுவனத்தின் ஆல்டிவார் டிரைவ்களில் கம்யூனிகேஷன் ஸ்கேனரும், ஏபிபி நிறுவனத்தின் ஏசிஎஸ்580 டிரைவில் 58-ஆம் பாராமீட்டர் (அமைப்பு மதிப்பு) குழுவின் டேட்டா ஐ/ஓ அமைப்பும் இருக்கின்றன. இவ்வளவு பயனுள்ள வசதியைத் தொடாமலே விடுவது வருத்தத்திற்குரியது. டிரைவின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் வேர்டு படிக்கும் அதே வேகத்தில், ஓடிய மணிநேரக் கணக்கையும் படிக்கத் தேவையில்லை.

எழுதும்போது செய்யும் தவறு டிரைவையே கெடுக்கக்கூடியது. சில டிரைவ்களில் பாராமீட்டருக்கு அனுப்பும் மதிப்பு நேரே, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் பதிவாகும். அந்த நினைவகம் பொதுவாக ஒரு லட்சம் முறை என்ற அளவில்தான் எழுதத் தாங்கும். விநாடிக்கு ஒருமுறை எழுதினால் ஒரு நாளுக்கு 86,400. வேகக் கட்டளையை அதற்கென உள்ள ரெஃபரன்ஸ் ரெஜிஸ்டருக்கே அனுப்புங்கள்; மற்ற பாராமீட்டர்களை மதிப்பு மாறும்போது மட்டும் எழுதுங்கள்.

32 பிட் மதிப்பின் இரு பாதிகளை இரண்டு கேள்விகளாகப் படிப்பதும் ஆபத்தானது: 65,535-லிருந்து 65,536-க்கு மாறும் கணத்தில், பழைய மேற்பாதியும் புதிய கீழ்ப்பாதியும் சேர்ந்து பூஜ்யமாகத் தெரியும். எந்தப் பாதி முதலில் வரும் என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். கையேட்டில் 40001 என்றிருப்பது கேபிளில் பெரும்பாலும் முகவரி 0 என்பதால், ஒன்று தள்ளிப் படித்தாலும் நம்பும்படியான எண்ணே வந்து ஏமாற்றும்.

அணைந்து கிடக்கும் ஒரு டிரைவை ஒரு விநாடி டைம்அவுட்டில் மூன்று முறை கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் மற்ற ஒன்பதும் மூன்று விநாடி காத்திருக்கும். பதில் தராத டிரைவை மெதுவான வரிசைக்கு மாற்றிவிட வேண்டும். ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு கேள்விக்கும் 502-ஆம் போர்ட்டில் புது இணைப்பைத் திறந்து மூடுவதும் இதைப் போன்ற வீண்செலவே.

தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்குமா, கடைசி வேகத்திலேயே ஓடுமா என்பதை டிரைவின் அமைப்பில் தீர்மானித்து, கேபிளைக் கழற்றிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அவசர நிறுத்தத்தை மோட்பஸ் வழியே அனுப்ப வேண்டாம்; அதற்கு மோட்டார் விசையைத் துண்டிக்கும் எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) உள்ளீட்டுக்குத் தனி வயரிங் வேண்டும்.