சுரங்கம் இருந்த ஆற்றங்கரையில் தோட்டம் போடுகிறீர்களா?

ஆற்றின் மேற்பகுதியில் உலோகச் சுரங்கம் இருந்திருந்தால், அந்தச் சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆனாலும் மண்ணைப் பரிசோதிக்காமல் விதைக்காதீர்கள். வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்ற நச்சுக் கன உலோகங்கள் தங்கியிருக்கலாம். இவை மட்கி மறைவதில்லை.

வெள்ளம் ஏறும் தாழ்வான பகுதியின் மண்ணை மேட்டு மண்ணோடு கலக்காமல் பரிசோதனைக்குத் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடங்களில், மேல் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்தால் போதும். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், முடிவே மாறிவிடும். பிளாஸ்டிக் வாளி நல்லது. வழக்கமான உரச்சத்துப் பரிசோதனையில் கன உலோகங்கள் பெரும்பாலும் வராது, கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

மண் புளிப்பாக இருந்தால் செடி காட்மியத்தை அதிகம் உறிஞ்சும். சுண்ணாம்பு இட்டு, மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை (எண் கூடினால் புளிப்புக் குறைவு) 6.5க்கு மேல் கொண்டுவந்தால் அது குறையும். ஆனால் ஆர்சனிக் இருக்கும் மண்ணில் சுண்ணாம்பு அதைக் கரையவிடக்கூடும், அதனால் முடிவு வரும்வரை பொறுங்கள்.

அதுவரை கீரையும் கிழங்கும் வேண்டாம். தக்காளி, கத்தரி போன்ற காய்களில் உலோகம் குறைவாகவே சேரும். அப்புறம், குழந்தைகளை அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள். கை வழியாக வாய்க்குப் போகும் ஈயம்தான் எனக்குப் பெரிய கவலை.