3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் வண்டியை மலையேற வைப்பது எப்படி

என் மாருதி டிசையர் டீசல் டாக்ஸி 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று மலைச் சவாரிதான் அதிகம். இந்த 1248 சிசி இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது; புதிதாக வாங்க வழியில்லை, இருப்பதைத்தான் காப்பாற்றி ஓட்ட வேண்டும். நன்றாகவே காப்பாற்றலாம். இரும்பு லேசில் தேயாது. ஆயில், கூலன்ட், ரப்பர் இவைதான் முதலில் கெடும். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் இரும்புக்குச் சேதம் வரும்.

முதலில் ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பால் காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசலோ கூலன்டோ உள்ளே இறங்குகிறது, அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மலை ஓட்டத்துக்கு நான் 10,000 கிலோமீட்டர் வரை காத்திருப்பதில்லை. 7,500-க்கே ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம், வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயின். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். "செயின் ஆயுசுக்கும் வரும்" என்று டாக்ஸி ஸ்டாண்டில் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ பழசானாலோ பிடி தளரும், செயின் ஆடும், அதைத் தாங்கும் கைடு தேயும். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கரகரவென்று சத்தம் வந்து ஓரிரு நொடியில் அடங்குகிறதா? அதுதான் முதல் எச்சரிக்கை. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்த கிட்டாகப் போடுங்கள். செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவும் அதே ஆயிலை நம்பித்தான் சுற்றுகிறது; இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். மலையேறி நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள்.

அடுத்தது கூலன்ட். மலைக்காரர்கள் இதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இன்ஜினுக்குள் அப்படிக் கொதிக்காமல் காப்பது கூலன்டும், அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடியும். அந்த மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டி ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ்களைக் கையால் அமுக்குங்கள். பொதபொதவென்று இருந்தாலோ, கிளிப் அருகே உப்பியிருந்தாலோ, வெள்ளையாகப் பூத்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. கூலன்டைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும். வழியில் ஹீட் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி, அணைத்து, நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

இறங்கும்போது பிரேக் ஆயில்தான் உயிர். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். கிலோமீட்டர் ஓடியதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.

டயரைப் பட்டன் தேய்மானத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த நாளைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் இருந்தாலும் பழைய ரப்பர் கெட்டித்துப் போய், மழையில் பிடிக்காது. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஃபேன் பெல்ட் மூன்றையும் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிக்கச் சொல்வதும் அப்போதே நடக்கட்டும், குறிப்பாக மழைக்காலத்தில். தண்ணீர் உள்ளே போனால் இன்ஜெக்டர் கெடும், அந்தச் செலவை ஒரு மாதச் சவாரி தாங்காது.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது மட்டும் வேலை பார்க்கும் பழக்கம் ஸ்டாண்டில் நிறையப் பேருக்கு உண்டு. அதற்குப் பதிலாக ஒரு நோட்டு போடுங்கள். எதை, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று எழுதி, கழற்றிய பழைய பொருளையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். டிக்கியில் ஒரு லிட்டர் கலந்த கூலன்ட், இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ஃபேன் பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.